தங்கமீன் போன வழி

சக்கரபாணியின் தங்கமீன்கள் அத்தனையும் சிங்காரவேலின் குளத்தில் நீந்திக்கொண்டிருந்தன. சக்கரபாணியின் குளத்தில் தூங்குமூஞ்சி மர இலைகள் மட்டும் மிச்சம். விஷயம் அவ்வளவுதான். அவசரக்காரர்கள் இத்தோடு எழுந்து போகலாம். மற்றவர்கள் உட்காருங்கள்.

சக்கரபாணி மைன்ஸில் பம்ப் செக்‌ஷன். நெய்வேலிச் சுரங்கத்துக்கு அடியில் தண்ணீர் பொங்கிக்கொண்டே இருக்கும். ராப்பகலாகப் பம்ப் ஓடாவிட்டால் சுரங்கம் ஏரியாகிவிடும். அந்தத் தண்ணீரை அடக்கி வைத்திருப்பது தான் ஒருவர்தான் என்பது அவருடைய எண்ணம். வால்வைத் திறக்கும்போது மீசை துடிக்கும்.

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் சிங்காரவேல் டைம் ஆபீஸ் கிளார்க். தஞ்சாவூர்ப் பக்கம். மெலிந்த ஆள். பேனாவைவிடக் கனமான எதையும் தூக்கிப் பழக்கமில்லை. அப்பேர்ப்பட்டவன் சித்திரையில் திடீரென்று ஒருநாள் மண்வெட்டி எடுத்தான். புறக்கடையில் பள்ளம் தோண்டினான். சிமெண்ட் பூசினான். தண்ணீர் விட்டு அல்லிக் கிழங்கு போட்டான். பூத்துவிட்டது.

வினை அங்கே ஆரம்பம்.

தினமும் சாயங்காலம் காபி டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு தனபாக்கியம் வேலியோரம் போய் நின்றுவிடுவாள். சக்கரபாணியின் பெண்டாட்டி. மேல்பட்டாம்பாக்கத்துக்காரி. அந்தப் பக்கம் சிங்காரவேலின் மனைவி நாகம்மாள். இரண்டு பேரும் குளத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள். இங்கே அடுப்பில் ரசம் சுண்டும்.

"அங்க என்னாடி பாத்துக்கினு நிக்கிற?"

"அல்லிப்பூங்க. இன்னிக்கி ரெண்டு பூத்திருக்குது. அண்ணன் கையில என்னா ராசியோ!"

"எவன் அண்ணன்?"

"சிங்காரவேல் அண்ணன்தான்."

"அவன் உனக்கு அண்ணன்னா எனக்கு மச்சான். நான் எப்ப சம்மதிச்சேன்?"

"நீங்க எதுக்குத்தான் சம்மதிச்சீங்க!" என்றாள் அவள். டம்ளர் திரும்பி வேலிக்குப் போய்விட்டது.

அது குத்தல். தை மாசம் அவள் ஒன்று கேட்டிருந்தாள். குழாயில் காலையில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் வருகிறது, பின்னால் ஒரு தொட்டி கட்டுங்கள், புடலையும் வெண்டையும் போடலாம் என்றாள். "கம்பெனி வூடு. ஒரு செங்கல் வைக்கமாட்டேன். நாளைக்கே வேற பிளாக்குக்கு மாத்துவான்" என்று சக்கரபாணி மறுத்துவிட்டார். அவள் மறுபடி கேட்கவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் எதையும் ஒருமுறையோடு விட்டதில்லை. அங்கேயே மனுஷன் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

ஒருநாள் சாம்பாரில் உப்பில்லை. கேட்டதற்கு, "அல்லி மூடுற நேரம், பாத்துக்கினே மறந்துட்டேன்" என்றாள்.

சக்கரபாணி சோற்றுத் தட்டை நகர்த்தினார்.

"அது குளமா? குட்டை. எருமை இறங்கினா வத்திப்போகும். மேல இலை மெதக்குது. அடியில சேறு நிக்குது. கொசுவுக்குப் பண்ணை. நான் வெட்டறேன் பாரு ஒரு குளம்!"

"உங்களுக்கு எதுக்குங்க அதெல்லாம்? அண்ணனுக்கு அது கைவந்த வேலை. உங்களுக்கு இடுப்பு பிடிச்சிக்கும்."

மறுநாள் விடியும்போது சக்கரபாணியின் புறக்கடையில் கடப்பாரைச் சத்தம்.

அனல்மின் நிலையம் கட்ட வந்த ரஷ்யாக்காரர்கள் தங்கியிருந்த பங்களாவில் பம்ப் ரிப்பேருக்குப் போனபோது அவர் ஒரு குளம் பார்த்திருந்தார். அதன் ஓரத்தில் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு வாய். அதற்குள் கூடை. மேலே மிதக்கிற குப்பை தண்ணீரோடு அந்த வாய்க்குள் வழிந்து கூடையில் தங்கிவிடும். அதற்குப் பேர் ஸ்கிம்மர். அடியில் இன்னொரு வாய். வால்வைத் திறந்தால் சேறெல்லாம் பைப் வழியாக வெளியேறும். சக்கரபாணி அன்றைக்கே மனசுக்குள் படம் பிடித்து வைத்துக்கொண்டார். பண்ருட்டிப் பழைய இரும்புக் கடையில் பைப்பும் வால்வும் வாங்கினார். சகலமும் பஸ் கூரையில் வந்து இறங்கின. கூடவே தகரப் பெட்டி ஒன்று.

"இது என்னாங்க, சோறு எடுத்துக்கினு போறதுக்கா?"

"ஸ்கிம்மர்!"

"சல்லடைன்னு சொல்லுங்க."

"சல்லடை உன் வூட்டு சமையக்கட்டுல. இது ஸ்கிம்மர்."

எங்கே வைப்பது? சக்கரபாணி யோசிக்கவே இல்லை. மேற்கு ஓரம். ஏனென்றால் சிங்காரவேலின் வேலி மேற்கே. அவன் ஜன்னலைத் திறந்தால் ஸ்கிம்மர் அவன் கண்ணைக் குத்த வேண்டும். அடிவாய்ப் பைப்பையும் மேற்கே விட்டார். தரை சரிவு அந்தப் பக்கம்தான். பைப்பிலிருந்து ஒரு வாய்க்கால் வெட்டி வேலிக்கு அடியில் கொண்டுபோய் விட்டார். என் சேறு அவன் பக்கம் போகட்டும். எப்படி நியாயம்!

அடிவாய்க்கு மேலே ஒரு மூடி வேண்டும். சக்கரபாணி பொடிக்கண் கம்பி வலை வாங்கி வந்தார்.

தனபாக்கியம் வலையைத் தூக்கிப் பார்த்தாள். "நல்லா இருக்குதுங்க. அண்ணனும் இப்பிடித்தான் ஒண்ணு வாங்கணும்னு சொல்லிக்கினு இருந்தாரு."

வலை வேலிக்கு வெளியே போய் விழுந்தது. பதிலுக்கு மைன்ஸ் பம்ப்பில் போடுகிற மாதிரியே ஒரு கனத்த இரும்புத் தட்டு வந்தது. ஒவ்வொரு ஓட்டையும் எலுமிச்சம்பழம் போகிற அகலம். மைன்ஸில் கல் வந்து பம்ப்பை உடைக்காமல் இருந்தால் போதும். மைன்ஸ் தண்ணீரில் மீன் கிடையாது. இது சக்கரபாணியின் மூளைக்கு எட்டவில்லை.

மெட்ராஸிலிருந்து கண்ணாடி ஜாடியில் தங்கமீன்கள் வந்தன. அல்லியெல்லாம் எவன் வேண்டுமானாலும் வைப்பான். மீன் வைப்பானா? நாகம்மாள் வேலியில் தொற்றிக்கொண்டு பார்த்தாள். "எங்க வீட்டுல எத்தனை தடவை கேட்டேன், வாங்கித் தரல" என்றாள். சக்கரபாணிக்கு அன்று இரண்டு கவளம் கூடுதலாக இறங்கியது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வெள்ளோட்டம். சிங்காரவேல் தம்பதியை வரவழைத்து நாற்காலி போட்டாயிற்று. ஆடி மாசம். மேல்காற்று வேட்டியைப் பிடுங்குகிறது. தூங்குமூஞ்சி மரம் இலையைக் கொட்டுகிறது.

"இப்ப பாருங்க மிஸ்டர். இந்த இலையெல்லாம் தானா நடந்து வந்து கூடையில விழும்." காலையில் பிடித்து வைத்த டிரம்மின் குழாயைச் சக்கரபாணி திறந்தார்.

தண்ணீர் ஏறியது. ஸ்கிம்மருக்குள் வழிந்தது. ஸ்படிகம் மாதிரி சுத்தமான தண்ணீர். இலை ஒன்றுகூட வரவில்லை. மேற்கேயிருந்து அடிக்கிற காற்று இலைகளை எல்லாம் கிழக்கு ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போயிற்று. அங்கே அவை பாய் விரித்த மாதிரி படுத்துக்கொண்டன.

"சார், இலை அந்தப் பக்கமால்ல போவுது?" என்றான் சிங்காரவேல். பாவம், வெகு மரியாதையாகத்தான் கேட்டான்.

"கொஞ்சம் பொறுங்க. வரும்."

"எப்ப சார்?"

"ஐப்பசியிலே காத்து திரும்புமில்ல, அப்ப வரும்" என்றாள் தனபாக்கியம், முறுக்குத் தட்டை நீட்டிக்கொண்டே.

சக்கரபாணியின் காது சிவந்தது. "அது கெடக்கட்டும். அடிவாயைப் பாருங்க. இதுதான் முக்கியம்!" என்று பாய்ந்து வால்வைப் பிடித்தார். மெதுவாகத் திறக்கிற பழக்கம் பம்ப் செக்‌ஷனில் கிடையாது. முழு வட்டம் சுற்றினார்.

குளம் ஏப்பம் விட்டது. நடுவில் சுழி விழுந்தது. சேறும் தண்ணீரும் உறுமிக்கொண்டு பைப்பில் பாய்ந்தன. நடுவே ஆரஞ்சு நிறத்தில் ஒரு மின்னல். பின்னாலேயே இன்னொன்று. வாய்க்காலில் சேறு அங்கங்கே தங்கியது. மீன்கள் தங்கவில்லை. வழுக்கிக்கொண்டு வேலிக்கு அடியில் புகுந்தன. சிங்காரவேலின் குளம் தரை மட்டம். தொபுக்கென்று விழுந்து, அல்லி இலைக்கு அடியில் போய், சொந்த வீடு மாதிரி உலாவ ஆரம்பித்துவிட்டன.

சிங்காரவேலும் நாகம்மாளும் வேலிக்கு ஓடி எட்டிப் பார்த்தார்கள்.

"எங்களுக்கு மீன் குடுக்கணும்னு இவ்வளவு பெரிய ஏற்பாடா சார்?" சிங்காரவேல் கைகூப்பினான். "கையில குடுத்திருந்தாலே போதுமே."

"அண்ணனுக்குப் பெரிய மனசு" என்றாள் நாகம்மாள்.

சக்கரபாணி வால்வைப் பிடித்தபடி நின்றார். திருப்பிக் கேட்டால் மானம் போகும். கேட்காவிட்டால் மீன் போகும். மானத்தை வைத்துக்கொண்டார். அவர்கள் போனதும் அதையும் தனபாக்கியம் விட்டுவைக்கவில்லை.

"மைன்ஸையே அடக்குற கையிங்க இது!"

"வாயை மூடு."

"எந்த வாயை? மேல்வாயா, அடிவாயா?"

அவள் முறுக்குத் தட்டை எடுத்துக்கொண்டே கேட்டாள். "நாளைக்கு உங்களுக்கு பர்ஸ்ட் ஷிப்டுதானே?"

"ஏன்?"

"சும்மாதாங்க."

மறுநாள் ஷிப்ட் முடிந்து வந்தவர் புறக்கடைக் கதவைத் திறந்தார். அப்படியே நின்றார்.

தகரப் பெட்டி மேற்கே இல்லை. கிழக்கே இருந்தது. காற்று தள்ளத் தள்ள, இலைகள் ஷிப்ட் பஸ்ஸுக்கு வரிசை நிற்பவர்கள் மாதிரி வந்து ஒவ்வொன்றாகக் கூடையில் விழுந்தன. கூடையைத் தாண்டிய தண்ணீர் துணி துவைக்கிற கல்லடிக்குப் போயிற்று. அடிவாயில் இரும்புத் தட்டு இல்லை. கஞ்சி வடிக்கிற பழைய பித்தளைத் தட்டு உட்கார்ந்திருந்தது. வேலிக்கு அடியில் மண் அணைத்து அடைத்தாயிற்று. அந்த வாய்க்காலில் மடை வெட்டி, சேற்றுத் தண்ணீர் பாத்தி பாத்தியாகத் திரும்பிப் பாய்ந்தது. பாத்தியில் புடலை முளைவிட்டு இரண்டு இலை பிடித்திருந்தது. பந்தலுக்குக் கால்கூட நட்டிருந்தது. பக்கத்தில் வெண்டை.

தனபாக்கியம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மண்வெட்டியோடு நின்றாள்.

"இந்த வெதை எப்பப் போட்ட?"

"நீங்க சிமெண்ட்டு பூசுனீங்களே, அன்னிக்கி."

சக்கரபாணி கணக்குப் போட்டுப் பார்த்தார். துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப தொட்டி கேட்டியே..."

"ஆமாங்க. இதான்."

"மீனு?"

"நாகம்மா கேட்டுக்கினே இருந்தா. தண்ணி எனக்கு, மீனு அவளுக்குன்னு அப்பவே பேச்சு."

"அந்தக் கம்பி வலை?"

"உங்களை யாரு தூக்கிப் போடச் சொன்னது?"

கொஞ்ச நேரம் புடலையைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, கேட்க வேண்டிய ஒன்றைக் கேட்டார்.

"இனிமே சாயங்காலம் வேலிக்குப் போகமாட்டியா?"

"எதுக்கு? அந்தக் குட்டையில என்னா இருக்குது, கொசுவைத் தவிர?"

சக்கரபாணிக்கு நெஞ்சில் அடைத்திருந்த ஏதோ ஒன்று அடிவாய் வழியாகப் போன மாதிரி இருந்தது. அவள் உள்ளே போய்க் காபி கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். வேலிக்கு முதுகைக் காட்டி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். காபி சூடாக இருந்தது. சித்திரைக்குப் பிறகு அன்றைக்குத்தான்.

அப்போது வேலிக்கு மேலே ஒரு தலை எழும்பியது. சிங்காரவேல். முகம் தொங்கிப் போயிருந்தது. கையில் கடப்பாரை.

"சார், ஸ்கிம்மர் எப்படி சார் வைக்கிறது? வீட்டுல உயிரை எடுக்கறாங்க. சக்கரபாணி அண்ணன் குளம் எப்படி இருக்கு, நீங்களும் இருக்கீங்களேன்னு. முதல்ல இந்தக் குளத்தைத் தோண்ட வச்சதும் இப்படித்தான். சக்கரபாணி அண்ணன் கைக்கு வராத வேலையே கிடையாதுன்னு ஒரு மாசம் சொல்லிச் சொல்லி..."

தனபாக்கியம் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிங்காரவேல் கிழக்கு ஓரத்தை எட்டிப் பார்த்தான். கூடையில் விழுகிற இலைகளைப் பார்த்தான். பாத்தியில் பாய்கிற தண்ணீரைப் பார்த்தான். கண் விரிந்தது.

"நேத்திக்கு இப்படி இல்லையே சார்! ஒரே நாள்ல யாரு சார் இதைச் சரி பண்ணினது? மைன்ஸ் எஞ்சினியரா?"

சக்கரபாணி மீசையைத் தடவினார். வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"தனபாக்கியம்."