கார்டில் இல்லாத குழி

ஊரிலுள்ள சாலைக் குழிகள் அனைத்தையும் உரிய மரியாதையுடன் படமெடுத்து வைப்பதென்று சாலைப் பராமரிப்பு அலுவலகம் தீர்மானித்தது. வேலை ஸ்டூடியோக்காரருக்குப் போனது. பேரம் பேசாமல் தண்ணீர்கூடக் குடிக்காத ஆள் அவர்.

"கூலி கிடக்கட்டும் சார். என் கடை வாசல் குழியைத்தான் முதல்ல மூடணும்" என்று இன்ஜினியரின் மேஜையைத் தட்டினார். தட்டாமல் என்ன செய்வார்? பாஸ்போர்ட் படத்துக்கு வருகிறவர்கள் அந்தக் குழியில் விழுந்து, சேற்று முகத்தோடு எழுந்து, நேரே எதிர்க்கடைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"முதல் குழி உங்களோடதுதான்" என்றார் இன்ஜினியர்.

பாதி ஊர் முடிவதற்குள் மெமரி கார்டு நிரம்பிவிட்டது.

"இன்னொரு கார்டு வேணும் சார்."

"பழசு காலியானாத்தான் புதுசு வாங்க விதி இடம் கொடுக்கும்."

"அப்போ கம்ப்யூட்டர்ல ஒரு காப்பி போட்டுட்டு இதுல அழிச்சிடறேன். அதுதான் பத்திரம்."

இன்ஜினியர் பதறிப்போனார். "காப்பியா? இருக்கிற குழிக்கே பதில் சொல்ல முடியலை, நீங்க ஒண்ணை ரெண்டாக்கறீங்களே! நேரா அழிங்க. கார்டுல இல்லாத குழி ரோட்டுல எப்படிய்யா இருக்கும்?"

கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார். கேமராவை வாங்கி, திறப்பு விழா முகத்தோடு, ஸ்டூடியோ வாசல் குழியை முதலில் அழித்தார். "மூடியாச்சு. திருப்திதானே?"

சில நாளில் தார் லாரி வந்தது. படத்தில் மிச்சமிருந்த குழிகளை மூடிக்கொண்டே வந்தது. ஸ்டூடியோ வாசலில் மட்டும் குழியில் ஏறி இறங்கி, கண்ணாடிக் கதவில் சேற்றை வாரியடித்துவிட்டுப் போனது.

"யோவ், இவ்வளவு பெரிய குழி கண்ணுக்குத் தெரியலையா?"

"கண்ணுக்குத் தெரியுது அண்ணே. படத்துல இல்லையே!" என்றார் டிரைவர்.

ஸ்டூடியோக்காரருக்கு ரத்தம் தலைக்கேறியது. அழிந்த படத்தின் மேல் புதுப்படம் ஏறாமலிருந்தது அவர் நல்ல நேரம். எப்படியோ மீட்டெடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினார்.

இன்ஜினியர் படத்தை உற்றுப் பார்த்தார். "நாங்க மூடின குழியைத் திரும்பத் தோண்டியிருக்கீங்க. அனுமதியில்லாம பொதுச் சாலையைத் தோண்டறது குற்றம். நாளைக்கு நேர்ல வருவேன், மூடியிருக்கணும்."

"எதை வச்சு சார் மூடறது?"

"நாங்க எதை வச்சு மூடினோம்?"

ஸ்டூடியோக்காரர் கேமராவில் அழிக்கும் பொத்தானை அழுத்தினார்.

மறுநாள் இன்ஜினியர் வந்தார். மழைத் தண்ணீர் வாசலைச் சமமாக நிரப்பியிருந்தது. குழி மூடப்பட்டதற்குச் சான்றாக அவரே படத்துக்கு நின்றார்.

"சார், ரெண்டடி பின்னால போங்க. தலை வெட்டுப்படுது."

இன்ஜினியரின் கால் தயங்கியது. "பின்னால... குழி ஒண்ணும் இல்லையே?"

"ரெக்கார்டுப்படி இல்லை சார்."

அதற்குமேல் அவரால் என்ன கேட்க முடியும்? பின்னால் போனார். இடுப்புவரை உள்ளே போனார். கேமரா பளிச்சென்றது.

"ஐயோ, கால் போச்சு! முதல்ல அந்தப் படத்தை அழிய்யா!"

"அழிச்சுட்டேன் சார். இனி நீங்க விழவே இல்லை. எழுந்து வாங்க."

தெருவே ஓடி வந்தது. இன்ஜினியர் சேற்றுக் கையை நீட்டி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கை கொடுக்க யாருக்கும் கை ஒழியவில்லை. எல்லார் கையிலும் போன் இருந்தது.

"சார், அந்தக் கையைக் கொஞ்சம் அப்படியே வச்சிருங்க" என்றது பின்வரிசைக் குரல் ஒன்று. "என் போன்ல இடம் இல்லை. எதையாவது அழிச்சுட்டு வந்துடறேன்."