கண்டக்டர் நடத்திய கண் முகாம்

இலுப்பூரில் ஆரோக்கியமாக இருப்பவர்களை எல்லாம் வீடு வீடாகத் தேடிப்பிடித்து வைத்தியம் பார்க்கவைத்த ஒரே மனிதர் எங்கள் தெருக் கண்டக்டர்தான். ஒரே ஒருவரைத் தவிர, நோயாளி என்று யாரும் அவர் கையில் சிக்கியதில்லை. இதை நான் கேலிக்குச் சொல்லவில்லை. அவருடைய முகாம்களுக்கெல்லாம் நோட்டீஸ் எழுதிக்கொடுத்தவன் நான்தான். பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

பெயர் என்று ஒன்று ரேஷன் கார்டில் இருக்கலாம். நாங்கள் கேட்டதில்லை. புதுக்கோட்டைக்கும் இலுப்பூருக்கும் நடுவே ஓடிய ஒரு தனியார் பேருந்தில் இருபத்திரண்டு வருடம் டிக்கெட் கிழித்தவர். வேலையை விட்ட பிறகும் வேலை அவரை விடவில்லை. கோயில் வரிசையில் நின்றால், "உள்ள போங்க, உள்ள எடம் காலியாத்தான கெடக்கு" என்பார். ஒரு சாவு வீட்டில் கூட்டம் நெருக்கியபோது, "எறங்குறவங்களுக்கு வழி விட்டுட்டு ஏறுங்கப்பா" என்று சத்தம் போட்டார். அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டு வழி விட்டார்கள்.

அந்த இருபத்திரண்டு வருடமும் அதே பேருந்தை ஓட்டியவர் ஒரே டிரைவர். அவரையும் நாங்கள் டிரைவர் என்றே சொல்வோம். கண்டக்டரைவிட நாலு வயது மூத்தவர். ஓய்வுக்குப் பிறகு சொந்தமாக ஒரு பழைய வேன் வாங்கி, எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருக்களிலும் பன்னிரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போய் இறக்கிக்கொண்டிருந்தார். என் மகள் அந்தப் பன்னிரண்டில் ஒருத்தி.

ஒருநாள் காலை கண்டக்டர் என் வீட்டுக்கு வந்து, உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

"சார், டிரைவரண்ணே என்னையக் கடந்து போறாரு, கையத் தூக்கல. சரி, கோவம் போலன்னு நெனச்சேன். அடுத்தாப்புல, ரோட்ல கெடந்த கருப்பு கேரிப் பைக்கு ஹாரன் அடிக்கிறாரு. நாயின்னு நெனச்சுட்டாரு."

"கேட்டீங்களா?"

"கேட்டேனே. 'அந்த போர்டுல என்னண்ணே எழுதியிருக்கு'ன்னு. 'ஏன், ஒனக்குப் படிக்கத் தெரியாதா'ங்கிறாரு. சார், அவருக்குச் சுகரு இருக்கு. பாக்க மாட்டேங்குறாரு. கண்ணு போயிக்கிட்டிருக்கு சார். வேன்ல புள்ளைங்க இருக்கு."

பெற்றோர்களிடம் சொல்லிவிடலாமே என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "எப்புடி சார்? இருவத்திரெண்டு வருசம் நான் அவரு முதுகுக்குப் பின்னாடி நின்னுருக்கேன். இப்ப முதுகுக்குப் பின்னாடி பேசவா?"

ஆக, ஒரு மனிதரின் இரண்டு கண்ணை, அவர் மானம் கெடாமல் ஒரு டாக்டர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தவேண்டும். அதற்கு ஊருக்கே கண் பார்ப்பது என்று கண்டக்டர் முடிவு செய்தார். எல்லாருக்கும் பார்க்கும்போது அவருக்கும் பார்ப்பார்கள். ஏன் கூப்பிட்டோம் என்று சந்தேகம் வராது.

மறுநாளிலிருந்து என் மகளை நான் சைக்கிளில் கொண்டுபோய் விட்டேன். மற்ற பதினொரு வீடுகளுக்கும் நான் எதுவும் சொல்லவில்லை. கண்டக்டருக்காவது அதற்கு ஒரு காரணம் இருந்தது.

முதல் முகாமுக்கு நோட்டீஸ் கேட்டார். 'இருளுக்கு முன் விளக்கைத் துடைப்போம்' என்று உருகி எழுதிக்கொடுத்தேன். படித்துவிட்டு, "யாருக்கு சார் கரண்டு இல்ல?" என்றார். அதை அடித்துவிட்டு, 'கண், சுகர், பிரஷர் இலவசம். டிபன் உண்டு' என்று போட்டார். புதுக்கோட்டையிலிருந்து ஒரு பெண் டாக்டரும் இரண்டு நர்சும் வந்தார்கள். ஊரிலிருந்து யாருமே வரவில்லை. அறுபது பேருக்குச் செய்த பொங்கலை அவர்கள் மூவரும் நாங்கள் இருவரும் தின்று தீர்க்கப் பார்த்து, தோற்றோம்.

டீக்கடைக்காரர்தான் காரணம் சொன்னார். "செவுத்துல ஒட்டுனா எவன் வருவான்? மதிச்சு வீட்ல வந்து கூப்புடணும்ல?"

கண்டக்டர் கூப்பிட்டார். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, குங்குமம் வைத்து, மனைவியையும் அழைத்துக்கொண்டு, முந்நூறு வீடு ஏறி இறங்கினார். "வர்ற ஞாயித்துக்கெழமை நம்ம மண்டபத்துல முகாம் வெச்சுருக்கோம், குடும்பத்தோட வந்துரணும்" என்று வாசலில் நின்று கைகூப்பினார். எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான்: "அதெப்புடிங்க வராம இருப்போம்? வீட்டுக்கு ஒருத்தராச்சும் கண்டிப்பா வந்துருவோம்."

அந்தப் பதிலில் குழி இருந்தது. எங்கள் இருவருக்கும் அது தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் பொங்கி வழிந்தது. பட்டுப்புடவை, மல்லிகை, சலவை வேட்டி. ஒருவர் காகிதம் சுற்றிய பரிசுப் பொருளோடு வந்து யாரிடம் கொடுப்பது என்று தேடிக்கொண்டிருந்தார். கண்டக்டர் விசிலடித்து, டோக்கன் கிழித்து, "நடுவுல வாங்க, நடுவுல வாங்க" என்று பறந்தார். சாயங்காலம் டாக்டர் அவரைக் கூப்பிட்டார்.

"சார், முந்நூறு பேர் பார்த்துட்டோம். ஒருத்தருக்குக்கூடச் சுகர் இல்லை. எல்லாரும் போர்டுல கடைசி வரி வரைக்கும் படிக்கிறாங்க. இது என்ன ஊரு?"

ஒன்றுமில்லை. எங்கள் ஊர் வழக்கம் அது. கல்யாணமோ காதுகுத்தோ, மதித்துக் கூப்பிட்டால் வீட்டுக்கு ஒருத்தர் போய்த் தலையைக் காட்டிவிட்டு வரவேண்டும். பார்க்க லட்சணமாக, நடக்கச் சக்தியோடு, கையில் வேலை இல்லாமல் யார் இருக்கிறாரோ அவரை அனுப்புவோம். முகாமுக்கும் அப்படியே அனுப்பினோம். கண்டக்டர் ஒரு பெண்ணை நிறுத்திக் கேட்டார்.

"ஏம்மா, ஒங்க வீட்ல யாருக்கும் சுகரு இல்லையா?"

"மாமாவுக்கு இருக்குல்ல. கால்ல புண்ணு, ஆறவே மாட்டேங்குது. அவரால நடக்க முடியலன்னுதான் நான் வந்தேன்."

டிரைவர் வீட்டிலிருந்து அவருடைய மருமகள் வந்திருந்தாள். கண்டக்டரிடம் சீட்டைக் காட்டி, "எல்லாம் நார்மல் மாமா" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து கண்டக்டர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு நடந்ததெல்லாம் வெறி. மகளிர் குழு, இளைஞர் மன்றம், சர்ச், பள்ளிவாசல், உரக்கடை, சலூன் என்று எல்லாரையும் சேர்த்து வாட்ஸ்அப்பில் ஒரு நலக் குழு ஆரம்பித்தார். அதில் காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூவும், வெண்டைக்காய் ஊறிய தண்ணீரில் சுகர் ஓடிவிடும் என்ற சேதியும் தவிர வேறொன்றும் வரவில்லை. நடைப்பயிற்சி நாள் என்று ஒன்று வைத்தார். அன்னவாசல் ரோட்டில் நூறு பேர் நடந்தோம். பழக்கதோஷத்தில் ஒவ்வொரு பஸ் ஸ்டாப்பிலும் விசிலடித்து நிறுத்தினார். மூன்றாவது ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தபோது நிஜமாகவே ஒரு பஸ் வந்தது. பாதிப் பேர் ஏறி வீட்டுக்குப் போய்விட்டார்கள். திருச்சியிலிருந்து ஒருவரை அழைத்துவந்து சிரிப்புப் பயிற்சி நடத்தினார். ஊர் வரிசையாக நின்று அவரை உற்றுப் பார்த்தது. ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. "ம், சிரிங்க... போலாம் ரைட்" என்று கண்டக்டர் கெஞ்சினார்.

எல்லாவற்றுக்கும் டிரைவர் வீட்டிலிருந்து மருமகள்தான் வந்தாள். மாவட்டத்திலேயே அதிகம் பரிசோதிக்கப்பட்ட ஆரோக்கியம் அவளுடையது. டிரைவரிடம் நேரில் போய்க் கேட்டால், "உக்காந்து ஓட்டுறவனுக்கு எதுக்குப்பா நடை? அதான் வீட்லேருந்து ஆளு அனுப்புறோம்ல" என்பார்.

இப்படி இரண்டு வருடம் போயிற்று. வேனின் இடதுபக்கம் இரண்டு முறை நசுங்கியது. தினமும் காலை எட்டரைக்கு அது பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்துவிட்டதா என்று ஃபோன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் கண்டக்டர் காப்பி குடித்தார்.

கடைசியில் அவருக்கு ஒரு யோசனை வந்தது. ஊர் வழக்கத்தை ஊர் வழக்கத்தாலேயே மடக்குவது. விருந்தாளிக்குப் பதில் ஆள் அனுப்பலாம். தலைமை தாங்குபவருக்குப் பதில் ஆள் அனுப்ப முடியாது. நோட்டீஸில் டிரைவரின் படத்தைப் பெரிதாகப் போட்டு, அடியில் எழுதச் சொன்னார்: 'முதல் பரிசோதனை செய்துகொண்டு முகாமைத் தொடங்கி வைப்பவர்.'

டிரைவர் வந்தார். தலைக்குச் சாயம், புதுச் சட்டை. பொன்னாடை போர்த்தினார்கள். கைத்தட்டலுக்கு நடுவில் கண் பார்க்கும் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். எதிரே வேனில் பிள்ளைகளை அனுப்பும் பதினொரு வீட்டுப் பெற்றோரும் இருந்தார்கள்.

"எழுத்தெல்லாம் என்னத்தம்மா படிக்கிறது, நமக்கு அம்புட்டுப் படிப்பு இல்ல" என்றார் டிரைவர். நர்ஸ் உடனே வேறு போர்டைத் தொங்கவிட்டாள். படிக்காதவர்களுக்கானது. ஆங்கில E எழுத்தைப் போல மூன்று கால் உள்ள ஒரு குறி, ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு பக்கமாகக் கால் நீட்டியிருக்கும். கால் எந்தப் பக்கம் என்று கையால் காட்டினால் போதும்.

நர்ஸ் முதல் குறியில் குச்சியை வைத்தாள். டிரைவர் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் மெதுவாகத் தலையைத் திருப்பி, தனக்குப் பின்னால் நின்ற கண்டக்டரைப் பார்த்தார்.

"ஏம்மா, லெஃப்ட்ல தள்ளி நில்லும்மா" என்று கண்டக்டர் கூட்டத்தைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

டிரைவரின் கை இடதுபக்கம் போனது. "சரி" என்றாள் நர்ஸ். அடுத்த குறி.

"அண்ணாச்சி, மேல ஏறி வாங்க, மேல!"

கை மேலே போனது.

"ரைட்ல ஒதுங்கு, ரைட்ல. பாப்பா, கீழ உக்காரு, கீழ!"

இடதுபக்கம் யாருமே நிற்கவில்லை என்பதை நான் அப்போதுதான் பார்த்தேன். மேடையில் ஏற வேண்டிய அண்ணாச்சி என்று ஒருவரும் இல்லை. பேருந்து நிலையத்தில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது கேட்குமே, அதே குரல். கடைசி வரி வரைக்கும் ஒரு பிசகில்லாமல் டிரைவர் கை காட்டி முடித்தார். மண்டபமே கைதட்டியது. நர்ஸ் சீட்டில் 'நார்மல்' என்று எழுதினாள்.

பந்தி ஆரம்பித்ததும் கண்டக்டரை மண்டபத்துக்குப் பின்னால் இழுத்துப்போனேன். "என்னங்க பண்ணுனீங்க? ரெண்டு வருசம் இதுக்குத்தான அலைஞ்சீங்க?"

அவருக்கு மூச்சு வாங்கியது. "திரும்பிப் பாத்தாரு சார். ரிவர்ஸ் எடுக்குறப்பல்லாம் இப்புடித்தான் திரும்பிப் பாப்பாரு. நான் வாயத் தொறக்காம எப்புடி சார் இருக்குறது?"

 பிறகு வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு நேராக டாக்டரிடம் போனார்.

"டாக்டரம்மா, அந்தப் போர்டு நான் படிச்சது. அவரு படிக்கல. மறுபடி பாருங்க. நான் இருந்தா ஆவாது, கேட்டுக்கு வெளிய நிக்கிறேன்."

ஊர் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. காலி மண்டபத்தில் டிரைவரை மறுபடி உட்காரவைத்தார்கள். நான் தூணோரம் நின்றேன். குச்சி முதல் குறிக்குப் போனது. டிரைவர் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. கையை உயர்த்தினார். எந்தப் பக்கம் நீட்டுவது என்று தெரியாமல் அது காற்றில் கொஞ்சநேரம் நின்றது. பிறகு மடியில் விழுந்தது. பொன்னாடை தோளிலிருந்து நழுவியதை அவர் எடுத்துப் போட்டுக்கொள்ளவில்லை.

டாக்டர் சொட்டு மருந்து விட்டு உள்ளே பார்த்தார். "சுகர் கண்ணுக்குப் பின்னாடி இருக்கிற ரத்தக்குழாயைக் கெடுத்துடுச்சு ஐயா. லேசர் வெச்சு மிச்சத்தைக் காப்பாத்தலாம். போனது வராது. ஒரு ரெண்டு வருசம் முன்னாடியே வந்திருக்கக் கூடாதா?"

இரண்டு வருடம் முன்னால் அவர் வீட்டிலிருந்து ஆள் வந்திருந்தது. பட்டுப்புடவையோடு வந்து, எல்லாம் நார்மல் என்று சீட்டு வாங்கிக்கொண்டு போனது. இதை நான் டாக்டரிடம் சொல்லவில்லை.

அந்த வாரமே வேனை விற்றார்கள். டிரைவர் கண்டக்டரோடு பேசுவதை நிறுத்திவிட்டார். 'காட்டிக்குடுத்துட்டான்' என்று ஒரே ஒரு வார்த்தை மருமகளிடம் சொன்னாராம். கண்டக்டரும் முகாம்களை விட்டுவிட்டார். காலில் புண்ணோடு வீட்டில் கிடந்த அந்த மாமாவுக்கு இப்போது முழங்காலுக்குக் கீழே இல்லை. நலக் குழுவில் காலை வணக்கம் மட்டும் தவறாமல் வருகிறது.

சாயங்காலங்களில் டிரைவரைப் பேருந்து நிலையத்துச் சிமெண்டு பெஞ்சில் மருமகள் கொண்டுவந்து உட்காரவைப்பாள். ஒரு முழம் தள்ளிக் கண்டக்டர் வந்து உட்காருவார். பேச்சில்லை. உள்ளே நுழையும் வண்டிகளின் போர்டைக் கண்டக்டர் தனக்குத்தானே சொல்வதுபோல உரக்கப் படிப்பார். "புதுக்கோட்டை... மணப்பாறை... விராலிமலை..." டிரைவர் அசையமாட்டார். மாதக்கணக்காக இதே கதை. பார்க்கச் சகிக்காமல் நான் டீக்கடையோடு நின்றுகொள்வேன்.

போன வாரம் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். ஒரு வண்டி திரும்பி உள்ளே வந்தது. "விராலிமலை" என்றார் கண்டக்டர்.

"டேய்." கரகரவென்று இருந்தது டிரைவரின் குரல். "அது அன்னவாசல் வண்டிடா. கியர் மாத்தும்போது அழுவுது பாரு. கண்ணு எனக்கா ஒனக்கா போச்சு?"

வண்டி எங்கள் எதிரே வந்து நின்றது. முழ உயர எழுத்தில் 'அன்னவாசல்' என்று எழுதியிருந்தது. அதை நேராகப் பார்த்துக்கொண்டே கண்டக்டர் சொன்னார்:

"ஆமாண்ணே, எனக்குத்தான் சரியாத் தெரியல. இனிமே நீங்களே பாத்துச் சொல்லுங்க."