பக்கம் நிற்கும் பாலிசி

ஒரு காட்டில் எல்லா வீட்டுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டது ஒரே ஒரு முள்ளம்பன்றி. மேஸ்திரி என்றே அதைக் கூப்பிடுவார்கள். முப்பது மழைக்காலம் கழிந்தபின் முயல் வீட்டு ஷீட் உதிர ஆரம்பித்தது. அந்தத் தூசு மூச்சுக்கு ஆகாது என்று அதற்குள் காடு முழுக்கத் தெரிந்துவிட்டிருந்தது. வீடு குடியிருக்க லாயக்கில்லாமல் போயிற்று, பதிலுக்கு மேஸ்திரியின் வீடு வேண்டும் என்று முயல் வழக்குப் போட்டது.

முயல் கேட்பதில் தப்பில்லை என்று மேஸ்திரிக்கே தோன்றியது. ஆனாலும் ஷீட் போட்ட காலத்தில் அது கெடுதல் என்று ஒருவருக்கும் தெரியாது. இதை யாராவது கோர்ட்டில் எடுத்துச் சொன்னால் வீடு தப்பிக்கும். மேஸ்திரிக்கு நாலு பேர் முன்னால் நா எழாது, முள்தான் எழும்.

அதனால் நரியின் இன்ஷூரன்ஸ் ஆபீசுக்குப் போனது. சேதம் எப்போது நடந்தது என்று நரி கேட்டது. ஷீட் போட்ட அன்றைக்கு என்றால் பாலிசி அப்போது எடுக்கவே இல்லை. உதிர்ந்த அன்றைக்கு என்றால் பாலிசி முடிந்துவிட்டது.

"நடுவில் இருபது வருஷம் பாலிசி இருந்ததே?"

"நடுவில் கூரை நன்றாகத்தானே இருந்தது, மேஸ்திரி?"

மேஸ்திரி பாலிசியின் கடைசிப் பக்கத்தைக் காட்டியது. 'வழக்கு என்று வந்துவிட்டால், சேதம் எங்கள் பொறுப்போ இல்லையோ, உங்கள் பக்கம் நிற்போம்' என்று அதில் இருந்தது. நரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு தரம் படித்தது. எழுதியதை மீறும் வழக்கம் அதற்கில்லை. வழக்குக்குத் தன் ஆபீஸ் ஆளான கொக்கை அனுப்பி வைத்தது.

விசாரணை நாளில் கொக்கு மேஸ்திரியின் பக்கத்தில் ஒற்றைக்காலில் நின்றது. முயல் பேசி முடித்தது. உங்கள் தரப்பில் என்ன சொல்கிறீர்கள் என்று நீதிபதி யானை கேட்டது. கொக்கு காலை மாற்றிக்கொண்டது. மேஸ்திரியின் முள்ளெல்லாம் எழுந்து நின்றன. பிரதிவாதி முறைக்கிறார் என்று யானை குறித்துக்கொண்டது. வீடு முயலுக்குப் போயிற்று.

குடிபோன அன்று முயல் அண்ணாந்து பார்த்தது. அங்கேயும் அதே ஷீட். கெடுதல் என்று தெரிந்திருந்தால் மேஸ்திரி தன் வீட்டுக்கே போட்டிருக்குமா என்று முயலுக்கு அப்போதுதான் தோன்றியது. தீர்ப்பில் மை காய்ந்துவிட்டிருந்தது.

மேஸ்திரி ஒரு மரத்தடியில் ஒதுங்கியது. கொக்கும் வந்து பக்கத்தில் நின்றது.

"அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அய்யா."

"நிற்கச் சொல்லித்தான் அனுப்பினார்கள்," என்றது கொக்கு.

எதுவரை என்று பாலிசியில் எழுதாததால் இன்னும் நிற்கிறது.

நீதி: உங்கள் பக்கம் நிற்போம் என்று எழுதித் தருகிறவர்கள் சொன்ன சொல் தவறமாட்டார்கள். எந்தக் காலில் என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளவும்.