கிழக்குத் தெருவைத் தின்றவன்

அன்று பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் இருந்தவர்கள்: திண்டிவனத்திலிருந்து வந்த குடிநீர்த் திட்ட மேடம். ஊராட்சித் தலைவர். என் மனைவி செல்வி. அவள் தம்பி முருகன். தெருவுக்கு நாலைந்து பெண்கள். நான். கோழிகளும் இருந்தன. அவற்றின் மேல் பழி இல்லை.

தொண்ணூற்றெட்டோ, தொண்ணூற்றொன்பதோ. அனந்தபுரம் பக்கம் எங்கள் ஊர். குழாய் எங்கே வைப்பது என்று ஆபீசர்கள் முடிவு செய்யக்கூடாதாம். ஊர்க்காரர்களே தரையில் ஊரை வரைந்து காட்ட வேண்டுமாம். பத்து வீட்டுக்கு ஒரு குழாய். கிழக்குத் தெருவில் அதுவரை ஒன்றும் இல்லை. செல்வி கரண்ட் இருக்கும் நேரம் பார்த்து, ரோட்டைத் தாண்டி, கழனி மோட்டாரில் தண்ணீர் பிடித்து வருவாள். அப்போது அவளுக்கு ஏழு மாதம்.

பெண்கள் கோலமாவால் தெருக்களை இழுத்தார்கள். வீட்டுக்கு ஒரு புளியங்கொட்டை. எங்கள் தெருவுக்கு வரும்போது கொட்டை தீர்ந்துவிட்டது. செல்வி மடியில் வறுத்த மல்லாட்டை (தோலோடு வேர்க்கடலை) வைத்திருந்தாள். தலைவர் வீடு வீடாகச் சொல்லச் சொல்ல, அதை வைத்தாள். இருபத்தெட்டு.

"டேங்க் வைக்கிற எடத்த நேர்ல பாத்துட்டு வந்துடலாம்" என்றார் மேடம். எல்லோரும் கிளம்பினார்கள்.

"நீ இங்கியே குந்திக்கினு கோழிய ஓட்டு" என்றாள் செல்வி. (கூட்டத்தில் வாய் திறக்காதவனுக்கு ஏற்ற வேலை.)

ஓட்டினேன். ஆனால் மல்லாட்டை முன்னால் இருந்தால் என் கை என்னைக் கேட்பதில்லை. ஒன்றை உடைத்தேன். அது முருகன் வீடு. பெரிய நஷ்டமாகத் தெரியவில்லை. அடுத்த வீடு தனியாக நின்றது. பாவமாக இருந்தது. அதையும் உடைத்தேன். கோழி ஒன்றைக்கூடத் தொடவில்லை. காவல் அப்படி.

திரும்பி வந்த மேடம் எண்ணினார். "கிழக்குத் தெருவுல அஞ்சு வீடுதானா? அப்ப உங்களுக்குக் குழாய் வராதே."

தலைவர் என் முழங்கால் பக்கம் கிடந்த தோல் குவியலைப் பார்த்தார். செல்வியும் பார்த்தாள்.

"யோவ், இன்னாயா பண்ணி வச்சிருக்க?"

வாய் நிறைய இருந்தது.

"மாமா, என் வீட்டயாச்சும் துப்பு மாமா" என்றான் முருகன்.

கூட்டமே சிரித்தது. செல்வி சிரிக்கவில்லை. "கல்லு வெக்கிறோம் மேடம். மறுபடி எண்ணுங்க."

"இப்ப கல்லு வெச்சா நான் எதம்மா நம்பறது?"

"ஆளையே கொண்டாந்து நிக்க வெச்சா நம்புவீங்களா?"

மேடம் யோசித்து, சரி என்றார். செல்வி என் பக்கம் திரும்பினாள். "போய்யா. தின்னதெல்லாம் ஜல்தியா கூட்டிக்கினு வா."

என் கல்யாணத்துக்குக்கூட நான் அத்தனை வாசல் ஏறியதில்லை. "உங்க வீட்ட தின்னுட்டேன். வந்து நில்லுங்க." வேறு எப்படிச் சொல்வது? ஒருவர் பாதி சவரத்தோடு வந்தார். ஒரு அம்மா மாவுக் கையோடு வந்தது. கோலமாவுக் கோட்டின் மேல் வீட்டுக்கு ஒருவராக நின்றார்கள்.

சத்தம் கேட்டு வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து மூன்று வீட்டுக்காரர்களும் வந்து ஓரமாக நின்றார்கள். அதில் ஒரு பெண் கேட்டது: "நாங்களும் இந்தத் தெருதான. எங்களையும் இவர்தான் தின்னாரா?"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"உங்கள நான் தின்னல. உங்கள வெக்கவே இல்ல" என்றேன். அன்று கூட்டத்தில் நான் பேசியது அவ்வளவுதான்.

மேடம் தலைவரைப் பார்த்தார். தலைவர் வேப்பமரத்தைப் பார்த்தார். "விட்டுப்போச்சு போல" என்றார். மூன்று பேரும் கோட்டின் மேல் ஏறி நின்றார்கள்.

இன்றைக்கும் வீட்டில் மல்லாட்டை வறுத்தால் என் மகள் தட்டை நீட்டி, "உனக்கு எத்தினி வீடுப்பா?" என்பாள். முருகன் தன் பங்கை ஜேபியில் போட்டு மூடிக்கொள்வான். செல்வி மட்டும் என் கட்சி. இருபத்தெட்டோடு போயிருந்தால் குழாய் இரண்டுதான் வந்திருக்கும் என்பாள்.

வந்தது மூன்று.