மஹாதேவன் சாரை உயிர்ப்பித்தல்

மதியம் ஒன்றே முக்காலுக்கு வித்யாலக்ஷ்மி தன் மேலதிகாரியைக் கொன்றுவிட்டாள். படிப்பில் அவளுக்கு இருந்த அக்கறைதான் காரணம்.

நாற்பத்தைந்து வயதில் அவள் ஒரு பல்கலைக்கழக மாணவி. தொலைதூரக் கல்வியில் ஆறு மாதத் தகவல் தொழில்நுட்பச் சான்றிதழ். ஞாயிற்றுக்கிழமைகளில் பாலிகஞ்சில் வகுப்பு. ஆசைப்பட்டுச் சேரவில்லை. கணவர் ஹரிஷங்கர் இதே அலுவலகத்தில், இதே நாற்காலியில், மாரடைப்பில் போனார். அதற்குக் கருணை அடிப்படையில் கிடைத்த குமாஸ்தா வேலை இது. அந்தக் கருணைக்காக அவள் நான்கு வருஷம் ஒரு கோப்பின் பின்னால் மாடி மாடியாக ஏறி இறங்கினாள். கடைசியில் வந்த உத்தரவில் ஒரு வாலும் ஒட்டியிருந்தது. இரண்டு வருஷத்துக்குள் இந்தச் சான்றிதழ் வாங்க வேண்டும்; வாங்காவிட்டால் வேலையும் கிடையாது, குவார்ட்டர்ஸும் கிடையாது.

அந்த இரண்டு வருஷம் இந்த மாதம் முப்பத்தொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமையோடு முடிகிறது. ஏற்கெனவே ஒரு முறை ஃபெயில்.

ஏழாம் பாடத்தின் பயிற்சி, ஓர் ஊழியர் பட்டியலைத் திறந்து அதில் ஒருவருடைய நிலையை மாற்றிப் பார்ப்பது. வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. அலுவலகத்தில் புதிதாக ஒரு மென்பொருளைப் போட்டிருந்தார்கள். 'காகிதம் இல்லை, தாமதம் இல்லை, மனிதக் கை படாது' என்று தலைமையகம் அதைப் பற்றிப் பீற்றிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு இடைவேளையில் அதைத் திறந்தாள். முதல் பெயர் கிளை மேலாளர் மஹாதேவன். 'நிலை' என்ற கட்டத்தைத் தட்டியதும் ஒரு பட்டியல் விரிந்தது: மாற்றல், பதவி உயர்வு, ஓய்வு, இறப்பு.

மற்றதெல்லாம் அவளுக்குப் புதிது. இறப்புக்கு என்னென்ன கேட்பார்கள் என்பது மட்டும் தலைகீழ்ப் பாடம். அதையே எடுத்து நிரப்பினாள். நிரப்பிப் பார்த்துவிட்டு அழித்துவிடலாம் என்று எண்ணம்.

ஆனால் வாத்தியார் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை சேவ் செய்யும்படி படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். போன பரீட்சையில் அவள் கோட்டை விட்டதும் அதில்தான். கை தானாகப் போய் சேவ் செய்துவிட்டது.

'ஆழ்ந்த இரங்கல்' என்றது திரை.

காலமானவர் அப்போதுதான் ஏப்பம் விட்டபடி கேன்டீனிலிருந்து வந்தார்.

"என்னம்மா, பேயைப் பாத்த மாதிரி உக்காந்திண்டிருக்கே?"

"ஒண்ணுமில்லே சார். படிச்சிண்டிருக்கேன்."

"படி, படி. நீயாவது உருப்படு. எங்காத்துல ஒருத்தன் பி.டெக் முடிச்சுட்டு ஆறு வருஷமா ஃபேனையே பாத்துண்டு படுத்திருக்கான்."

அவர் அறைக்குள் போனதும் அழிக்கப் பார்த்தாள். காலமானவரின் பதிவைத் திருத்த இயலாது என்றது மென்பொருள். மூன்று தரம் முயன்றாள். மூன்றாம் தரம் அது மீண்டும் ஒருமுறை இரங்கல் தெரிவித்தது.

பியூன் நிமாயிடம் சொல்லி அழுதாள். முப்பது வருஷ சர்வீஸ். ஹரிஷங்கரைத் தூக்கிக்கொண்டு டாக்ஸிக்கு ஓடியவன் அவன்தான். நிதானமாகக் கேட்டுவிட்டு வங்காள மொழியில் யோசனை சொன்னான்.

"தீதி, இந்த ஆபீஸில் செத்தவர் யாரும் எழுந்து வந்ததில்லை. புதிதாகப் பிறக்க வையுங்கள், அதுதான் வழி."

அவளுக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. முழுகுகிறவன் கைக்குத் துரும்பும் தெப்பம்தானே. 'புதிய நியமனம்' என்ற இடத்தில் மஹாதேவனின் விவரங்களையெல்லாம் இரண்டாம் முறை போட்டாள். மென்பொருள் அவரை மகிழ்ச்சியோடு வரவேற்றது. ஐம்பத்தொன்பது வயதில் இளநிலைக் குமாஸ்தாவாக அவர் மறுபிறவி எடுத்தார். இரண்டு வருஷத்துக்குள் தகவல் தொழில்நுட்பச் சான்றிதழ் பெற வேண்டும் என்று அவருக்கும் நிபந்தனை போட்டது.

மறுநாள் காலைக்குள் மென்பொருள் விழித்துக்கொண்டது. செத்துப்போனவரின் ஆதார் எண்ணோடு ஒருவர் வேலைக்குச் சேர்ந்திருப்பதைக் கண்டுபிடித்து, ஆள்மாறாட்டம் என்று புது மஹாதேவனை சஸ்பெண்ட் செய்தது. இப்போது இறந்த மஹாதேவன் ஒருவர், குற்றம் சாட்டப்பட்ட மஹாதேவன் ஒருவர்.

இரண்டு பேருக்கும் பொதுவான அசல் மஹாதேவன் வாசல் கேட்டில் அட்டையைக் காட்டினார். சிவப்பு விளக்கு எரிந்தது. பின்னால் வந்த வித்யா தூண் மறைவில் ஒதுங்கினாள்.

"கார்டு தேஞ்சு போச்சு போல" என்றபடி அவர் பார்வையாளர் புத்தகத்தை இழுத்துப் பெயர் எழுதினார். 'யாரைப் பார்க்க' என்ற கட்டத்தில் கொஞ்சம் யோசித்துவிட்டு 'மேலாளர்' என்று எழுதி உள்ளே போனார்.

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். இந்த அப்பாவி மனுஷரைப் போய் இப்படிச் செய்துவிட்டோமே என்று அவள் தினமும் குன்றிப்போனாள்.

மூன்றாம் நாள் தலைமையகத்திலிருந்து சம்பங்கி மலர்வளையம் வந்தது. அட்டையை அவள் பாய்ந்து கிழித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். மஹாதேவன் வளையத்தைச் சுற்றிவந்து பார்த்தார்.

"யாருக்கும்மா?"

"சு... சுவாமி படத்துக்கு சார்."

"நன்னாருக்கு. மாட்டிடச் சொல்லு" என்றார். நிமாய் அதைக் காளி படத்துக்கு மாட்டினான். படம் மறைந்து வளையம் மட்டும் தெரிந்தது.

எப்படியாவது காலத்தைத் தள்ளிவிடலாம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் பல்கலைக்கழகத்திலிருந்து குறிப்பு வந்தது. பிராஜெக்டைப் பதிவேற்றும்போது மேலதிகாரியின் டிஜிட்டல் கையெழுத்து அவசியம். பேனாக் கையெழுத்து செல்லாது; அது ஏறினால்தான் சான்றிதழ்.

நாலு நாள் கெஞ்சினாள். "போடறேம்மா, போடறேன்" என்று அவரும் நாலு நாள் சொன்னார். வெள்ளிக்கிழமை பிடித்து உட்காரவைத்துப் போட வைத்தாள். 'இக்கையெழுத்துக்கு உரியவர் காலமாகிவிட்டார்' என்று சிவப்பில் வந்தது. அவள் சட்டென்று புடவைத் தலைப்பால் திரையை மூடினாள்.

"சர்வர் டவுன் போலிருக்கு" என்றார் மஹாதேவன், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

"சார், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நான் ஒரு பெரிய தப்பு..."

"எல்லாம் அப்பறம் பாத்துக்கலாம். டெல்லிக்கு கில்லிக்கு எதையும் எழுதிண்டு நிக்காதே" என்று சொல்லிவிட்டு அவர் பாத்ரூம் பக்கம் போனார். அரைமணி வரை வரவே இல்லை.

அன்று வீட்டில் மகள் சாதனாவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"ஈஷ்! பாஸையே மர்டர் பண்ணிட்டியா மா?" சாதனா முதலில் சிரித்தாள். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "வேலை போயிட்டா நாம எங்க போவோம்?"

சொந்த ஊரில் அவர்களுக்கு யாரும் மிச்சமில்லை. சாதனாவுக்குத் தமிழே முக்கால்வாசிதான் வரும்.

"ஹெல்ப்லைன் இருக்கும் மா. நாளைக்கே கால் பண்ணு" என்றாள் சாதனா.

சனிக்கிழமை டெல்லி ஹெல்ப்லைனில் ஒரு பெண் பொறுமையாகவே பேசினாள்.

"அவர் உயிரோடுதான் இருக்கிறார் என்று கிளை மேலாளர் சான்று அனுப்பட்டும்."

"அவர்தான் கிளை மேலாளர்."

"அவர் இறந்துவிட்டாரே, மேடம்."

"இல்லை, இருக்கிறார். பக்கத்து அறையில் டீ குடிக்கிறார்."

"எங்கள் பதிவில் இல்லை." கொஞ்ச நேரம் தட்டச்சுச் சத்தம். "ஒரே வழி. இறப்புச் செய்தி தவறு என்று வாரிசுதாரர், அதாவது மனைவி, படிவத்தில் கையெழுத்திட வேண்டும். திங்கட்கிழமை அனுப்பினால் மறுநாளே சரியாகிவிடும்."

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் வகுப்புக்குப் போகவில்லை. படிவத்தை எடுத்துக்கொண்டு லேக் கார்டன்ஸுக்குப் போனாள். மஹாதேவன் மார்க்கெட்டுக்குப் போகும் நேரம் பார்த்துத்தான் போனாள். அவர் மனைவி சாவித்ரி கதவைத் திறந்தாள்.

"வாடீம்மா. மாமா இப்பதான் காய் வாங்கப் போனார். ஏன் இப்படி வேர்த்துக் கொட்டறது உனக்கு?"

"மாமி, நான் சாரைக் கொன்னுட்டேன்."

சாவித்ரி மின்விசிறியைப் போட்டுவிட்டு, "உக்காரு" என்றாள்.

வித்யா உட்காரவில்லை. ஏழாம் பாடத்தில் ஆரம்பித்து ஹெல்ப்லைன் வரைக்கும் ஒரே மூச்சில் சொன்னாள். நடுவில் அழுகை வந்தது. அழுதுகொண்டே சொன்னாள்.

"சாருக்கு ஒண்ணுமே தெரியாது மாமி. குழந்தை மாதிரி தினம் வாசல்ல பேர் எழுதிட்டு உள்ள வரார். பாக்கப் பாக்க நெஞ்சே வெடிச்சுடும் போலிருக்கு. நீங்க இதுல ஒரு கையெழுத்து போட்டாப் போறும். செவ்வாய்க்கிழமை அவர் உயிரோட வந்துடுவார். என் பேப்பர்லயும் அவர் கையெழுத்து ஏறிடும். இல்லேன்னா அன்னியோட என் வேலை போச்சு. வயசுப் பொண்ணை வச்சுண்டு நான் தெருவுல நிக்கணும்."

சாவித்ரி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிவத்தை முழுக்கப் படித்தாள். பேனாவைத் திறந்தாள். கையெழுத்து போட வேண்டிய இடத்தில் அதை வைத்தபடி வெகு நேரம் இருந்தாள். பிறகு பேனாவை மூடிவிட்டு, படிவத்தை நாலாக மடித்து வித்யாவின் கையிலேயே திணித்து, அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மாமியின் கண்களும் கலங்கியிருந்தன.

"உன் கால்ல வேணா விழறேன், அவரை மட்டும் எழுப்பிடாதேம்மா! முப்பத்தஞ்சு வருஷம் உயிரோட இருந்து அந்த மனுஷனால எங்க பிள்ளை அக்ஷய்க்கு ஒரு வேலை வாங்கித் தர முடியலை. செத்த பதிமூணாம் நாள், நாளைக்கே ஹவுரா ஆபீஸ்ல வந்து சேருன்னு அவனுக்குக் கருணை ஆர்டர் வந்துடுத்து!"