அட்மின் நல்லகாமன்

இந்த வீட்டில் தன் பேச்சு எடுபடுகிற இடம் ஒன்றாவது வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுந்ததும் கே.கே. நகர் நல்லகாமன் இப்படி ஒரு சபதம் எடுத்தார். டிவியில் எது ஓட வேண்டும், மோட்டாரை எப்போது போட வேண்டும், இரவுக்கு இட்லியா தோசையா, எல்லாவற்றிலும் மனைவி முத்துமீனா வைத்ததுதான் சட்டம்.

சபதத்தோடு லேப்டாப்பில் ஒரு மென்பொருளை ஏற்றினார். வீட்டு வைஃபையில் இருக்கும் போன், டிவி எல்லாவற்றையும் தட்டிப் பார்த்து, திருடன் நுழைய எங்கே ஓட்டை இருக்கிறது என்று அது சொல்லுமாம். திரையில் முதல் வரி வந்தது: ‘முதலில் பதிவு செய்பவரே அட்மின்.’

நல்லகாமனுக்குப் புல்லரித்தது.

“ஏ மீனா, இங்க வா! இதுக்கு நான்தான் அட்மினிஸ்ட்ரேட்டர். மத்தவுக என்னையக் கேட்டுத்தான் உள்ள வரணும்.”

“அம்புட்டுப் பெரிய பதவியா?”

“பேருக்குள்ளயே மினிஸ்டர் இருக்காருல்ல!”

“நானும் பாக்கலாமா?”

“உன் போன்லயே பாரு. நம்ம வைஃபையில எந்தப் போன்லயும் இந்தப் பக்கம் தெறக்கும்.” பெருமையோடு முகவரியை அனுப்பிவிட்டு, பதிவு பட்டனை அமுக்க விரலை நீட்டினார்.

“அய்யய்யோ, மணி நாலரை! ராகு காலத்துலயா பதவி ஏப்பாக? ஆறு மணிக்கு மேல அமுக்குங்க.”

விரல் பின்வாங்கியது. நல்லகாமன் குளித்தார். சலவை வேட்டி கட்டினார். நெற்றி நிறைய திருநீறு பூசினார். ஆறு மணி தாண்டியதும் லேப்டாப் முன்னால் கம்பீரமாக உட்கார்ந்தார்.

‘அட்மின் பதிவு முடிந்துவிட்டது’ என்றது திரை.

“மீனா! எவனோ திருட்டுப்பய உள்ள வந்து அட்மின் ஆயிட்டான்!”

“திருட்டுப்பய இல்லங்க. நான்தான்.”

“நீயா! எப்ப?”

“நீங்க குளிக்கப் போனப்ப.”

“அப்ப ராகு காலமாச்சே!”

“ராகு காலத்துல துர்க்கைக்கு விளக்குப் போடுறது பொம்பளைகதான? எங்களுக்கு அது நல்ல நேரம்.”

குளிக்காமலே அமுக்கியிருக்கலாம். முகவரியையாவது அனுப்பாமல் இருந்திருக்கலாம். கையில் வந்த ஒரே ஒரு பதவி, சலவை வேட்டி கட்டும் நேரத்தில் போய்விட்டது. கடைசியில் நல்லகாமன் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“எனக்கும் உள்ள வர ஒரு வழி பண்ணிக் குடேன்.”

“உங்க பேரு அப்பவே போட்டுட்டேனே. எதையும் மாத்த முடியாது, சும்மா பாக்கலாம்.”

“சரி, பாஸ்வேர்டு என்ன?”

“அது எதுக்குங்க உங்களுக்கு? பாக்கணும்னு தோணுனா ஒரு வார்த்தை கேளுங்க. நான் அடிச்சுத் தாரேன்.”