நன்றியுரை சொன்ன சருகுமான்

ஒரு காட்டில், எந்தக் காடு என்று கேட்டால் மைக் சத்தம் எட்டுகிற தூரம் வரைக்கும் அந்தக் காடுதான், பூவரசி என்றொரு சருகுமான் குட்டி இருந்தாள். முயலைவிடக் கொஞ்சம் பெரியவள், ஆட்டுக்குட்டியைவிடச் சின்னவள்.

அவளுக்கு ஒரே ஒரு கவலை. பள்ளிக்கூடம் ஆற்றுக்கு அக்கரையில், குட்டிகளெல்லாம் இக்கரையில். நடுவில் பாலம் என்ற பேரில் ஒரு பழைய மரம் விழுந்து கிடந்தது. அதைக் கரையான் தின்றுகொண்டிருந்தது. முந்தாநாள் ஒரு முயல்குட்டி கால் வைத்த இடம் பொடிந்து தண்ணீருக்குள் போய்விட்டது. ஏதோ ஒரு கிளை கையில் அகப்பட்டதால் கரையேறியது. மழை இறங்கிவிட்டால் கிளையும் அகப்படாது.

கரையோரத்தில் பட்டுப்போன வேங்கை மரம் ஒன்று ஆற்றுப்பக்கமாகச் சாய்ந்தே நின்றது. ஒரு தள்ளு தள்ளினால் போதும், நேராக அக்கரையில் போய் விழும். அந்தத் தள்ளுக்கு யானை வேண்டும். காட்டில் இருந்தது ஒரே யானை, வேழமுத்தையா.

பூவரசி போன நேரம் அவர் மாநாட்டு வேலையில் இருந்தார். 'இளையோருக்குத் தோள் கொடுப்போம்' என்று மாநாடு.

"ஐயா, ஆத்தங்கரையில ஒரு மரம்..."

"மாநாட்டுக்கு வந்து சொல்லு கண்ணு. உங்களைப் பேசவிட்டுக் கேக்கத்தானே இதையே நடத்துறோம்! என் காதைப் பாரு, எவ்வளவு பெருசு!"

சரி என்று போனாள். முன்வரிசை முழுக்கப் பெரியவர்கள். குட்டிகளுக்கு உட்கார இடமில்லை. அதைக் குறையாகச் சொல்ல முடியாது, உட்கார நேரமும் இல்லை. வரவேற்பு நடனம் ஆடினார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், தட்டு எடுத்தார்கள். ஆமையாருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அப்புறம் அவர் தலை எந்தப் பக்கம் என்று கொஞ்ச நேரம் தேடினார்கள்.

'இளையோரைப் பேச விடுவோம்' என்ற தலைப்பில் கரடி தங்கப்பழம் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். மணி அடித்ததும், "இறுதியாக ஒன்றே ஒன்று" என்று தன் பிள்ளைப் பருவத்திலிருந்து ஆரம்பித்தார். "எங்கள் காலத்தில் ஏது பாலம்? நீந்தினோம்! அதனால்தான் இப்படி இருக்கிறோம்!" என்றார். பூவரசி அவர் எப்படி இருக்கிறார் என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

வெயில் சாய்ந்தது. மாநாட்டுச் செயலாளர் நரி சிங்காரம் ஓடிவந்தார்.

"நேரமில்லை பாப்பா, இளையோர் பேசுற நிகழ்ச்சியை எடுத்தாச்சு. மூஞ்சியைத் தூக்காத, நன்றியுரை உனக்குத்தான்."

"அதுல மரத்தைப் பத்திச் சொல்லலாமா மாமா?"

"நன்றியுரையில நன்றி மட்டுந்தான். ஒரு பேரு விடக்கூடாது. போன வருசம் ஆந்தையார் பேரை விட்டுட்டாங்க. மனுசன் இன்னிக்கு வரைக்கும் பகல்ல கண்ணைத் திறக்க மாட்டேங்குறார்."

பூவரசி மைக்கைப் பிடித்தாள். அதற்குள் பந்திக்கு இலை போடுகிற சத்தம் கேட்டுவிட்டது. பாதிப் பேர் எழுந்தும் எழாமலும் இருந்தார்கள்.

"பெரியவங்களே, நம்ம ஆத்துப் பாலம் இருக்கே..."

நரி இருமினார். சாதாரண இருமல் இல்லை.

"கரடியார் தங்கப்பழம் அவர்களுக்கு நன்றி" என்றாள் பூவரசி. கரடி கும்பிட்டார், எழுந்தார், போய்விட்டார். "ஆமையார் அவர்களுக்கு நன்றி." ஆமையாரும் கிளம்பினார். கிளம்பியதைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் நேரமானது.

நாலு பேரைச் சொல்லி முடிப்பதற்குள் பூவரசிக்கு விஷயம் புரிந்துவிட்டது. யாரும் அவள் பேச்சுக்காக உட்கார்ந்திருக்கவில்லை, அவரவர் பேருக்காக உட்கார்ந்திருக்கிறார்கள். பேர் காதில் விழுந்ததும் கால் தானாக நடக்கிறது.

நடுநாற்காலியில் வேழமுத்தையா மட்டும் அசையாமல் இருந்தார். அன்றைக்கு முதல்முறையாக இரண்டு காதையும் விரித்து வைத்திருந்தார்.

நாக்கு நுனிக்கு வந்த பேரைப் பூவரசி விழுங்கினாள்.

"அடுத்து, இந்த மாநாட்டையே தாங்கி நின்ற ஒருவர்." யானை தும்பிக்கையைச் சரிசெய்துகொண்டார். "அவர் பேரை இந்தப் பந்திச் சத்தத்துல சொன்னா எடுபடாது. ஆத்தங்கரையில வச்சுத்தான் சொல்லணும்."

மைக்கை வைத்துவிட்டு நடந்தாள். பின்னாலேயே தரை அதிர்ந்தது.

"ஐயா, பந்தி!" என்று கத்தினார் நரி.

"இருப்பா, என் பேரு பாக்கி இருக்கு!"

ஆற்றங்கரை வந்தது. "ம், சொல்லு கண்ணு" என்றார் யானை.

"சொல்றேன் ஐயா. எதுக்கு நன்றின்னு ஒரு காரணம் வேணுமில்ல? அந்த வேங்கையைக் கொஞ்சம்..."

அவள் முடிப்பதற்குள் யானை நெற்றியைக் கொடுத்து ஒரு தள்ளு தள்ளினார். மடமடவென்று சாய்ந்த மரம் அக்கரையில் போய்ப் பொருந்தி உட்கார்ந்தது.

அப்போதுதான் நரி மூச்சிரைக்க வந்து சேர்ந்தார், கையில் போனோடு. "ஐயா, போட்டோ எடுக்கலையே! மறுபடி நிமிர்த்தி வச்சு ஒரு தடவை தள்ளுங்க!"

யானை யோசித்தார். யோசித்ததோடு நிற்கவில்லை, மரத்துக்கடியில் தும்பிக்கையையும் கொடுத்துவிட்டார். மரம் கொஞ்சம் மேலே எழும்பியது.

"உயர்திரு வேழமுத்தையா அவர்களுக்கு நன்றி!" என்று இருக்கிற தொண்டையெல்லாம் திறந்து கத்தினாள் பூவரசி.

பேர் காதில் விழுந்தது. மரம் கீழே விழுந்தது. யானை கும்பிட்டார், திரும்பினார், போய்விட்டார்.

நரி மட்டும் நின்றார். போனை மடியில் செருகினார், தொண்டையைச் செருமினார்.

"பாப்பா, செயலாளர் பேரு விட்டுப்போச்சே?"

"எப்படி மாமா விடுவேன்? இதுக்கு ஒரு கைப்பிடிக் கொடி கட்டினதும் முதல் பேரே உங்க பேருதான்."

நரி பாலத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கொடி தேடிக்கொண்டு காட்டுக்குள் நடந்தார்.

நீதி: குட்டிகளே, பெரியவர்கள் உங்களுக்குத் தோள் கொடுக்க வேண்டுமானால், வேலை முடிகிறவரை நன்றியை வாயிலேயே வைத்திருங்கள்.